வண்டிக்குக் காற்றுப் பிடித்த காலை

என் பாசத்துக்குரிய மச்சான்,

நீங்கள் தாத்தாவாகிவிட்டீர்கள். பெண் குழந்தை. மூக்கு அப்படியே உங்களுடையது. வளர வளரச் சரியாகிவிடும் என்று உங்கள் மகள் மலருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். தாயும் பிள்ளையும் சுகம்.

ஆனால் உங்கள் வேன் அன்று எங்களை ஒரு வழி பண்ணிவிட்டது. ஆட்கள் காலையில் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போன நேரத்தில் மலருக்கு வலி கண்டது. மாப்பிள்ளை கொழும்பில் வேலையில். மழை அரித்துப்போட்ட நம் தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் ஆட்டோ வராது. மலரைப் பின் சீட்டில் படுக்க வைத்து, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சாவியைத் திருப்பினால், செல்ப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டாங்கில் டீசல் இருந்தது. பில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை அமுக்கிப் பார்த்தேன், தொளதொளவென்று போனது.

"அக்கா, காத்து புடிச்சிருச்சு!" என்று கத்தினேன்.

டீசல் குழாயில் காற்றுப் புகுந்து டீசலை மறிக்கிறது என்பதைத்தான் சொன்னேன். நீங்களாக இருந்தால் உடனே ஸ்பேனரை நீட்டியிருப்பீர்கள். அக்காவோ வீட்டுக்குள் ஓடி, எலுமிச்சம்பழமும் திருநீறுமாக வந்தாள். நீங்கள் கண்மூடி இன்னும் வருசம் திரும்பவில்லை அல்லவா, பிடித்தது எந்தக் காற்று என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

முன் சக்கரத்தடியில் பழத்தை வைத்துவிட்டு அவள் உங்களைத் திட்டியது கேட்டதா மச்சான்?

"உசுரோட இருக்கயிலயும் யாரையும் இதத் தொட விடல. இப்பவுமா? மக துடிக்கிறா. எறங்கி வழி விடுங்க!"

மலர் வலிக்கு நடுவில் தலையைத் தூக்கினாள். "மாமா, அப்பாவா?"

"அப்பா இல்லடி, டீசல் பைப்புல காத்து!"

அவள் சிரிக்கத் தொடங்கி, அப்படியே முனகினாள்.

பில்டரில் மாட்டும் இடத்தில் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. நுனியை நறுக்கி, மறுபடி மாட்டி, கிளிப்பை முறுக்கினேன். பில்டரின் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டுப் பம்பை அமுக்க அமுக்க நுரைதான் வந்தது. நுரை நின்று நல்ல டீசல் வந்ததும் ஸ்குரூவை இறுக்கி, "சாவியத் திருப்புக்கா" என்றேன். உங்கள் காலத்தில் டிரைவர் சீட்டில் ஒரு நாளும் உட்காராத அக்கா திருப்பினாள். வண்டி இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது.

"எறங்கிட்டாரு" என்றாள். அவளைப் பின்னால் ஏற்றி, பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

லயத்து வீட்டு வரிசை முடியும் முடக்கைக்கூடத் தாண்டவில்லை, "நிப்பாட்டு தம்பி!" என்றாள். பிள்ளை பிறந்தேவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவள் இறங்கி வந்து முன்பக்க இடது கதவைத் திறந்தாள். ஒருவர் ஏறி உட்காரும் நேரம் நின்றாள். சாத்தினாள்.

"அவசரத்துல எறங்கச் சொல்லிட்டேன். பேரப்புள்ளயப் பாக்காம அங்கயே நின்னுக்கிட்டிருந்தா பாவம்."

எல்லாவற்றுக்கும் கேலி பேசும் என் மனசும் அன்று உங்களை அவ்வளவு தேடியது மச்சான். நீங்கள் ஏறினீர்களா?

நேற்று ஆஸ்பத்திரியில் இருந்து தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். முன் சீட்டில் அக்கா யாரையும் உட்கார விடவில்லை. சின்னவள் எஞ்சின் சத்தத்தில் வழி நெடுகத் தூங்கினாள்.

குழாயைப் புதிதாகவே மாற்றிவிட்டேன். இனி இந்த வண்டிக்குக் காற்றுப் பிடிக்க விடமாட்டேன், சத்தியம். நீங்கள் மட்டும் இறங்க வேண்டாம்.

உங்கள் பக்கத்து சீட்டில் இருந்து ஓட்டும்,
உங்கள் மச்சினன்