ஜோஸ்லின் பால் மறந்த கோடை

ஏப்ரல் 22, 2025, செவ்வாய்

மன்னிக்க வேண்டும், இந்த நேரத்தில் எழுதுகிறேன். யாரிடம் கேட்கிறேன்? காலையில் எழுந்து ரூபனுக்கு டிபன் கட்ட வேண்டிய என்னிடம்தான். ஜோஸ்லின் இப்போதுதான் தூங்கினாள். இரண்டு வயது முடிந்தும் பால் குடிக்காமல் தூங்க மாட்டாள். குடித்துக்கொண்டே என் கம்மலைப் பிடித்துத் திருகுவாள்.

மே கடைசியில் இமயமலை. கல்லூரியில் ஒன்றாகப் படித்த மதன், சுகன்யா, நான். அன்றைக்கே பேசிவைத்தது, வேலை, கல்யாணம், குழந்தை என்று தள்ளிப்போய் இந்த வருடம்தான் டிக்கெட் போட்டிருக்கிறோம். ரூபனுக்கு ரயில்வேயில் லீவு கிடைத்துவிட்டது. "நீ போ மலர், நான் பாத்துக்கறேன்" என்கிறார். பார்த்துக்கொள்வார். பால்?

என்னைவிட்டு அவள் ஒரு இரவுகூட இருந்ததில்லை. ஆனால் எனக்குப் போக வேண்டும். இதையும் எழுதிவிடுகிறேன் — ரொம்ப ஆசையாக இருக்கிறது. ஆசைப்படுவதே தப்போ?

ஏப்ரல் 24

சுகன்யா போனில்: "இன்னுமா பால் குடுத்துட்டிருக்கற? வேப்பெண்ணெயத் தடவு புள்ள, ஒரே நாள்ல மறந்துரும்."

ஏப்ரல் 25

தடவினேன். முகத்தைச் சுளித்தாள். பிறகு தன் கவுனால் நன்றாகத் துடைத்துவிட்டுக் குடித்தாள். ரூபன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, பின்னாலேயே அழுகையும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை முடித்து, பயிற்சிக்குக் கஞ்சமலை போனேன். முதுகில் சுமையோடு ஏறிப் பழக வேண்டும் என்பது மதனின் கட்டளை. சுகன்யா திருச்செங்கோட்டிலிருந்து மூன்று பைகளுக்கும் கல் உப்புப் பாக்கெட்டாக வாங்கி வந்திருந்தாள். "தண்ணி கேனுன்னா குலுங்கும். உப்புன்னா கம்முனு உக்காந்திருக்கும்."

காலண்டரைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. இன்று அமாவாசை. அடிவாரத்துச் சித்தர் கோவிலில் கால் வைக்க இடமில்லை. மரு, தேமல் என்று வருகிறவர்கள் அங்கே உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். பையைச் சரியாக அடுக்கலாம் என்று நாங்கள் உப்பை வெளியே எடுத்து வைத்ததுதான் தாமதம் —

"பாக்கெட்டு எவ்வளவுங்க சாமி?" என்று ஒரு அம்மா வந்து நின்றார்.

"விக்கறதுக்கு இல்லைங்கம்மா. மலையேறக் கொண்டாந்தது" என்றான் மதன்.

அந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "உப்பத் தூக்கிட்டு எதுக்குங்க மலையேறோணும்?"

சுகன்யா ஒரு பாக்கெட்டைச் சும்மாவே கொடுத்தாள். அவ்வளவுதான், வரிசை கட்டி நின்றுவிட்டார்கள்.

"ஏய், ட்ரெய்னிங்குக்கு வந்தியா, கடை போட வந்தியா?" என்றான் மதன்.

"கோயில் வாசல்ல வந்து கேக்கறாங்க, இல்லீன்னு சொல்லச் சொல்றியா? உம்பட பையிலிருக்கறதையும் எடு."

பாதிச் சுமையோடுதான் ஏறினோம். அதுவும் எனக்கு முடியவில்லை. பாதி மலையில் மார் கட்டிக்கொண்டது. ஜோஸ்லின் தினமும் குடிக்கிற நேரம். கல்லாக இறுகி, சட்டை நனைந்து, பைப் பட்டை உரசும் இடமெல்லாம் உயிர் போயிற்று. மதனை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் பாறை மறைவில் உட்கார்ந்து பீய்ச்சினேன். சுகன்யா துப்பட்டாவை விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றாள். சுடுமண்ணில் விழுந்த பால் விழுந்த உடனே காணாமல் போனது. அங்கே பிள்ளை அழுதுகொண்டிருக்கும், நான் இங்கே மண்ணுக்கு ஊட்டிட்டு உக்காந்திருக்கேன்.

"நா வரல சுகன்யா. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

அவள் திரும்பவில்லை. "வராட்டி போ. ஆனா அதை மேல வந்து சொல்லு. பாதி வழில சொல்லாத."

மேலே போனோம். காற்று — அப்படியொரு காற்று. சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

வீட்டில் ஜோஸ்லின் ரூபன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று கேட்டேன். "கொஞ்ச நேரம். அப்புறம் ஜங்ஷனுக்குப் போய் ரயில் பாத்தோம்."

கொஞ்ச நேரம்தானா? இதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்.

மே 6, செவ்வாய்

மாரில் இரண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். "அம்மாவுக்குப் புண்ணு" என்றேன்.

உற்றுப் பார்த்தாள். அழவில்லை. குனிந்து ஊதினாள். பிறகு என் நைட்டியை இழுத்து மூடிவிட்டு, வயிற்றில் தட்டிக்கொடுத்தாள். நான் அவளைத் தூங்கவைப்பது போலவே.

அழுது அடம்பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டுவிட்டாளே. என்ன பொய் சொல்லியிருக்கேன் நான்!

மே 7

இன்றும் கேட்கவில்லை. ஊதிவிட்டுத் தூங்கினாள்.

மே 8

எனக்குக் காய்ச்சல். பால் கட்டிய மாரில் முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டியிருக்கிறேன், சுகன்யா சொன்ன வைத்தியம். சாயங்காலம் ரூபனிடம் எரிந்து விழுந்தேன். "டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க! எம்புள்ளையே என்னை வேணாங்கறா, தெரியுதா உங்களுக்கு?"

"வேணாங்கல மலர். உனக்கு வலிக்குமேன்னு சும்மா இருக்கா."

டிக்கெட்டை அவர் கேன்சல் செய்யவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

பிளாஸ்திரியை எடுத்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டாள். "போச்சா?" "போச்சுடா தங்கம்." கை தட்டினாள். இப்போது கேட்பாள், கேட்டால் கொடுத்துவிடுவது என்று, சத்தியமாக, கொடுத்துவிடுவது என்றே உட்கார்ந்திருந்தேன். பொம்மையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய்விட்டாள்.

மே 30, வெள்ளி

மலையடிவாரத்தில் பெயர் வாயில் நுழையாத ஒரு கிராமம். சுகன்யா இரண்டு கம்பளிக்குள் சுருண்டு, "நம்மூரு வெயிலத் திட்டுன வாயக் கழுவோணும்" என்று நடுங்குகிறாள். மதன் பையை இன்னொரு முறை அடுக்குகிறான்.

காலையில் பையை மாட்டியபோது எங்கேயும் வலிக்கவில்லை. பால் வற்றிவிட்டது. உடம்பு பழையபடி என்னுடையதாகிவிட்டது, இதைத்தானே கேட்டேன். தூக்கத்தில் கை மட்டும் பக்கத்தில் துழாவுகிறது.

சிக்னல் கொஞ்ச நேரம் வந்தது. ரூபனுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"நாளைக்கு மேலே ஏறுகிறோம், அங்கே டவர் கிடையாது. நேத்து ராத்திரி எழுந்து என்னைத் தேடினாளா? தேடியிருந்தாலும் சொல்லுங்க, தேடலைன்னாலும் மறைக்காம சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நான் ஏறிட்டுத்தான் வருவேன். சீக்கிரம் பதில் போடுங்க."