பூட்டனாரின் தீர்ப்பில் ஒரு பெயர்

அன்புள்ள அப்பா,

பேசாமல் இருந்தது போதும். இருபது வருடமாக நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். நீங்கள் போயே ஒரு வருடமாகிறது. இன்னும் யாருக்குப் பயப்படுகிறேன்?

நேற்றுத் தம்பி ஊரிலிருந்து தொலைபேசியில் எடுத்தான். உங்கள் திவசத்துக்கு வீடு வீடாகக் கொடுக்கும் கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், அச்சுக்குப் போகிறதாம்.

"அண்ணை, பூட்டனாரைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும். அடியிலை உங்கடை பேரைப் போட்டு, 'சட்டத்தரணி, இத்தாலி' எண்டு அடிப்பம்."

"நான் இஞ்சை சட்டத்தரணியின்ரை கந்தோரைக் கூட்டித் துடைக்கிறன்."

"அது எனக்குத் தெரியும். அப்பா ஊருக்குச் சொன்னது வேறையெல்லோ? செத்த மனிசனைப் பொய்யனாக்கப் போறியளோ?"

அந்த அலுவலகத்தின் புத்தக அலுமாரிக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஒன்றை ஒருமுறை அனுப்பினேன். அதைப் பூட்டனாரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டீர்கள். என் சட்டப் படிப்பைப் பாதியில் நிறுத்தி என்னை விமானம் ஏற்றியதும் நீங்கள்தானே?

உங்கள் பாட்டனார், எங்கள் பூட்டனாரின் வரலாறு எனக்கு மனப்பாடம். முதலில் வழக்கறிஞர், பிறகு நீதிபதி, பிறகு வெள்ளைக்காரர் காலத்துச் சட்டமன்றமான சட்டநிரூபண சபையில் ஆசனம். ஆனால் உங்கள் பெட்டியில் அவர் எழுதிய தீர்ப்பொன்றின் பிரதியும் இருந்தது. எசமான் அடித்தான் என்று ஒரு வீட்டு வேலைக்காரி போட்ட வழக்கு. வேலைக்காரியின் சொல்லை நம்பி ஒரு கனவானைத் தண்டிக்க முடியாது என்று தள்ளியிருந்தார். படித்துக்கொண்டிருந்த என் கையிலிருந்து பறித்தீர்கள். "வை அதை. பெரிய மனிசரின்ரை தாள்."

அந்தக் கனவான்தான் பிறகு அவரைச் சபைக்குப் பரிந்துரைத்தாரா, அப்பா?

உங்களுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. பலேர்மோவுக்குப் பக்கத்தில் மொண்டெல்லோவில் நான் முன்பு வேலை செய்த வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, தன் மோதிரத்தை நான் எடுத்துவிட்டேன் என்று முறைப்பாடு கொடுத்தாள். பலேர்மோ நீதிமன்றத்தில் போய் நின்றேன். நீதிபதி ஒரு பெண். என் உடைந்த இத்தாலிய மொழியை அவசரப்படுத்தாமல் கேட்டாள். விடுதலை செய்தாள். வெளியே வந்து படியில் குந்தியபோது அந்த வேலைக்காரி நினைவுக்கு வந்தாள். தீர்ப்புத் தாளில் அவள் பெயர் இருந்தது. அது மறந்துவிட்டது. பூட்டனாரின் பதவிகளில் ஒன்றுகூட மறக்கவில்லை.

தம்பி கேட்ட கட்டுரைக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைத்தான் அவனுக்கு அனுப்பப் போகிறேன். அச்சடிப்பானோ, கிழிப்பானோ. உங்கள் பெட்டியைத் திறந்து அவள் பெயரைத் தேடச் சொல்வேன். அவன் மறுத்தால் நானே வந்து தேடுவேன். இது உங்கள் மூத்த மகனின் வாக்கு. அந்தப் பெயர் கிடைக்கும்வரை இதில் என் பெயரும் வேண்டாம். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.