மன்னன் குதிரையால் விழவில்லை

2014 நவ. 8, சனி

மழை. பாரிஸ் முழுவதையும் பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி. லா சப்பலில் ஒத்திகை. நடிகர்கள் வந்து சேர்வதற்குள் எனக்குத் தாடி நரைத்து உதிர்ந்தும்விட்டது.

நாடகம் எழுதியாயிற்று. பூமி தாங்குமோ தெரியாது. கதை: பாரசீகத்தில் ஒரு வைத்தியர். மந்திரியும் அவரே. உலக வரலாற்றை எழுதியவரும் அவரே. மன்னனுக்கு வயிற்றுக் கோளாறு, பேதிமருந்து கொடுக்கச் சொன்னார், மன்னன் போய்விட்டான். கூட இருந்த இன்னொரு மந்திரி "நஞ்சு" என்றான். வைத்தியரின் மகனை அவர் கண்ணெதிரே வெட்டி, பிறகு அவரையும் வெட்டினார்கள்.

மகனின் காட்சியை எழுதும்போது எழும்பிப் போய் முகம் கழுவினேன். வீட்டில் மனுசிக்குச் சொல்லவில்லை.

வைத்தியர்: நான். வேறு யார்? மன்னன்: செல்வம் அண்ணை, சாப்பாட்டுக்கடை முதலாளி. மண்டபமும் மட்டன் ரோல்ஸும் அவர் செலவு. ஆகவே கிரீடமும் அவர் தலைக்கு.

நவ. 15, சனி

குளிர். தடிமன், தும்மல். அருவருப்பு.

செல்வம் அண்ணை இன்றைக்குத்தான் பிரதியை வாசித்தாராம்.

"என்ன ஐசே இது? ராசா திண்டுபோட்டு வயித்தாலை போய்ச் சாகிறானோ? நான் ராசா. பின்னாலை என்ரை கடைப் பானர். பிறகு சனம் வருமோ?"

"அண்ணை, அது பாரசீகச் சாப்பாடு."

"சனத்துக்கு எல்லாம் ஒண்டுதான். குதிரையாலை விழுந்து சாகட்டும்."

"விழுந்தால் வைத்தியரை என்னத்துக்கு வெட்டுறது?"

"ஏன் வெட்டுறீர்? வயசுபோன மனுசன். பென்சனைக் குடுத்து அனுப்பும்."

பென்சன்! பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு!

வெட்டு இருக்கட்டும் என்றார் நாடகத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர். இரக்கத்தால் அல்ல. தலை வெட்டுபவனாக நடிக்கும் ரூபன் வெள்ளிக் கடதாசி சுற்றி வாள் செய்துவிட்டானாம், வீணாக்கக்கூடாதாம். அப்போ குற்றம்? வைத்தியர் குதிரைக்கு லாடம் சரியாக அடிப்பிக்கவில்லை. எல்லாரும் "ஓம் ஓம்". ஒருவர் கையும் தட்டினார்.

கார்ஜில் இருக்கும் வீடு வரை ரயிலில் பிரதியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நவ. 16

மாற்றாவிட்டால் மண்டபம் இல்லை. மாற்றினேன். உலக வரலாறு எழுதியவரை லாடத்துக்காகக் கொல்கிறேன். பேனாவைக் கழுவவேண்டும். கையையும்.

மனுசி: "தடிமனுக்குக் கொத்தமல்லி அவிச்சு வைச்சிருக்கிறன். முதல் அதைக் குடியுங்கோ, பிறகு சாகலாம்."

நவ. 29, சனி

நாடகம் முடிந்தது. இல்லை, முடியவில்லை.

மண்டபம் நிறைந்த சனம். மடியில் ரோல்ஸ். செல்வம் அண்ணை குதிரையால் (நாலு கால் கதிரை, மேலே கம்பளி) விழுந்து செத்தார். விசிலடி. செத்த பிறகும் கிரீடத்தைச் சரிசெய்தார்.

அடுத்தது நான். முழந்தாளில். கழுத்தை நீட்டியாயிற்று. ரூபன் வாளை ஓங்கிவிட்டான். லாடம் என்று சொல்லவேண்டும். வாயில் வந்தது வேறு:

"மன்னர் குதிரையால் விழவில்லை! உண்டது செரிக்காமல் வயிறு நொந்தார்! நான் கொடுத்தது மருந்து! நஞ்சல்ல!"

முன்வரிசையில் ஒரு அம்மா கடித்த ரோல்ஸின் உள்ளே பார்த்தார்.

செத்த மன்னன் எழும்பி உட்கார்ந்தார்.

"அது என்ரை கடைச் சாப்பாடு இல்லை!"

சிரிப்பு. கூரை லூவ்ர் வரை பறந்திருக்கும். தலைவர் கண்ணைத் துடைக்கிறார். ரூபன் வாளை ஊன்றி நின்று சிரிக்கிறான், வாள் மடிகிறது.

இன்னும் ஒரு வசனம் பாக்கி. கழுத்தை நீட்டியபடியே சொன்னேன்: "என் மகன் என்ன செய்தான்?"

எனக்கே கேட்கவில்லை.