ஒரு தடவைதான் கேட்பார்கள்

ஜூலை 3, வியாழன்

இந்நேரத்துக்கு உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. மணி பதினொன்றே கால். காவேரி தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. நாலு வயதுக்கு எவ்வளவு கேள்வி! "அங்க நாய்க்கெல்லாம் என்ன பேரும்மா வெப்பாங்க?"

நான் நெதர்லாந்து போக இன்னும் ஏழு வாரம். செடிகளின் நோய் பற்றி இரண்டு வருடப் படிப்பு. பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. ஏரிப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சக்திவேல், மிளகு மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருக்கிறார். தூக்கிப் பார்த்தால் வெறும் பெட்டியே நாலு கிலோ. மழையில் துணி வேறு காயவில்லை. ஈரமும் எடைதானே?

ஜூலை 6, ஞாயிறு

அங்கே நான் தங்கப்போகும் வீட்டின் சொந்தக்காரர் ஹன்னகே அம்மா இன்று வீடியோவில் பேசினார். அறுபது வயதிருக்கும். மாடியில் என் அறையைக் காட்டினார். பிறகு அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஜன்னலோரம் குட்டிக் கட்டில். "உன் மகளையும் கூட்டி வரலாம், இது சும்மாதான் கிடக்கிறது" என்றார்.

இரண்டு மாதமாக இதைத்தானே வேண்டிக்கொண்டிருக்கிறேன்? உதவித்தொகையில் குழந்தைக்கும் சேர்த்துத் தருகிறார்கள். நாலு வயதென்றால் அங்கே பள்ளிக்கூடம் உண்டு. குழந்தைக்கும் இடம் இருக்கிறது என்று வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து ஒரு கடிதம்தான் குறை.

"அதெல்லாம் வேண்டாங்க, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றேன்.

"சரி" என்றார். உடனே பழைய சைக்கிள் எங்கே வாங்கலாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பதினைந்தாம் தேதி முதல் அந்த அறைக்கு வேறு யாராவது மாணவரைத் தேடப்போகிறாராம்.

இன்னொரு தடவை கேட்பார் என்று கடைசிவரை காத்திருந்தேன். கேட்கவில்லை. சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். மனதாரக் கேட்கிறவர் ஒரே தடவையோடு விடுவாரா?

ஜூலை 8, செவ்வாய்

பருப்புப் பொடி, ரசப் பொடி, இரண்டு ஸ்வெட்டர், குடை. ஒருத்திக்கான பெட்டி.

ஜூலை 10, வியாழன்

பழகட்டும் என்று நேற்று காவேரியைச் சுகுணா அண்ணி வீட்டில் படுக்க வைத்தோம். அண்ணி என் வீட்டுக்காரருக்கு அக்கா, பக்கத்துத் தெரு. நான் இல்லாத இரண்டு வருடமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர். காலையில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். கண் சிவந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருந்தா" என்றார் அண்ணி.

"ஏன் சாமி தூங்கல?"

"அத்தை ஊட்டுல தூங்கிப் பழகிட்டா நீ ப்ளேன்ல போயிருவியாமா. அதான் தூங்கல."

என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் பின்னாலேயே நடந்தேன்.

படிக்கணும்னு ஆசப்பட்டது தப்பா? நான் என்ன அம்மா? — இல்ல, போகாம இருந்துட்டா மட்டும் நல்ல அம்மாவா இருந்துருவேனா? தெரியல. ஒண்ணும் தெரியல.

ஜூலை 11, வெள்ளி

பெட்டி பத்தொன்பது கிலோ. இன்னும் நாலு கிலோ வைக்கலாம். என்ன வைப்பதென்று தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கல்லூரித் தோழி அமலி அந்த ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. அங்கத்துப் பழக்கவழக்கம் என்னென்ன என்று கேட்டிருந்தேன். காலையில் குரல் பதிவு அனுப்பினாள். "சொல்லாம யார் ஊட்டுக்கும் போயிராத. அஞ்சு நிமிஷம் லேட்டுன்னாலும் மெசேஜ் போட்டுரு. அப்புறம், பசிச்சா பசிக்குதுன்னு சொல்லு. இங்க ஒருக்காத்தான் கேப்பாங்க. வந்த புதுசுல வேண்டாம் வேண்டாம்னு சொல்லியே நான் மூணு கிலோ எளச்சுட்டேன்."

கூட இருந்து கேட்ட அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மத்தியானம் அண்ணி வந்தார். இவர் பலாச்சுளையைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போய், துரை மாதிரி நிமிர்ந்து நின்று, "பலாப்பழம் வேணுங்களா?" என்றார்.

"வேண்டான்டா, இப்பத்தான் சோறு தின்னேன்."

"சரிங்க." தட்டை எடுத்து வந்து அவரே தின்ன ஆரம்பித்தார்.

அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏண்டா, ஒருக்கா வேண்டான்னா எடுத்துட்டுப் போயிருவியா? நீயெல்லாம் ஒரு தம்பியா?"

"நெதர்லாந்துல அப்படித்தானுங்க."

"அப்ப அந்த ஊர்ல விருந்தாடியெல்லாம் பட்டினியாவா கெடப்பாங்க?"

காவேரி புரியாமலே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஹன்னகே அம்மா பேச்சுக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

அண்ணி போன பிறகு அவரிடம் அந்த அறை விஷயத்தைச் சொன்னேன். "வேண்டாம்னு சொன்ன வாயால இப்ப எப்படிங்க கேக்கறது? என்ன நெனைப்பாங்க?"

"ஒண்ணும் நெனைக்காது அந்தம்மா. நாளான்னிக்குப் பதினஞ்சு. கேட்டுரு புள்ள."

"நீங்க தனியா இருந்துக்குவீங்களா?"

"எனக்கென்ன? சீசன்ல ஊட்டுக்கு வரவே நேரமிருக்காது."

இந்த 'எனக்கென்ன'வை ஆறு வருடமாக அறிவேன். இன்னொரு தடவை கேட்டேன்.

ஜீப் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "சாயங்காலம் ஹார்ன் அடிச்சா ஓடி வர ஆளிருக்காது. நொம்பக் கஷ்டந்தான். ஆனா அன்னிக்கு அவ கண்ணு செவந்து உக்காந்திருந்தத நானுந்தான பாத்தேன்."

ஜூலை 14, திங்கள்

விடிந்ததும் அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள ஹன்னகே அம்மா, அன்று சின்ன அறையைத் தருவதாக நீங்கள் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கம் எதையும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். கொடுக்கிறவர் மறுபடியும் கேட்பார், அப்புறம்தான் வாங்கிக்கொள்வோம். உங்கள் ஊரில் அப்படி இல்லை என்று நேற்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த அறை எனக்கு வேண்டும். என் மகள் என்னோடு இருக்க வேண்டும். மாடிப்படியில் தடதடவென்று ஓடுவாள், சில ராத்திரி அழுவாள். அதையும் தெரிந்தே சம்மதியுங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். அறை இன்னும் காலியாக இருக்கிறதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."