ஒரு குறையும் இல்லை என்று சொன்ன குரல்

சேரன்மகாதேவி,
ஆவணி 14.

அன்பு மகன் செந்தில்முருகனுக்கு அப்பா பலவேசம் சொல்லி எழுதுவது. அந்தப் பனி ஊரில் நீ சளி, இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நெல்லையப்பரைக் கும்பிட்டுக்கொண்டு இதைச் சொல்லுகிறேன். இங்கே நான் நலம் என்று எழுத முஃபீதா பேனாவைக் கொண்டுபோனாள், அதை எழுதாதே தாயி, அந்த வார்த்தையால்தான் இந்தக் கடிதமே என்று நிறுத்தினேன். உங்கள் ஆராய்ச்சிக்கு இந்தப் பக்கத்துக் குரல்களைச் சேகரிக்க நீ ஏற்பாடு செய்த மேலப்பாளையத்துப் பிள்ளைதான் எழுதுகிறாள். போனிலேயே பேசி அனுப்பலாமே தாத்தா என்றாள். குரலில் அனுப்பினால், குரலைக் கேட்டு மனசைச் சொல்லுகிற உன் மெஷின் அதையும் கேட்டு ஏதாவது பேர் வைத்துவிடும், காகிதம் போதும் என்றேன். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் கேட்டது எதுவும் மறக்காது, அது உனக்கே தெரியும்.

போன புதன்கிழமை அவள் கம்ப்யூட்டரும் காதில் மாட்டுகிற கருவியும் கொண்டுவந்து என்னை உட்கார வைத்தாள். முகம் தெரியாத ஆட்கள் பேசினது ஒவ்வொன்றாக வரும், அது கோபமா சந்தோஷமா துக்கமா பயமா அமைதியா என்று நான் சொல்லவேண்டும், மெஷின் சொன்னதோடு ஒத்துப்பார்ப்பார்களாம். மனுஷன் மனசை மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். முதலில் ஒரு பொம்பளை, ஏம்லே இம்புட்டு நேரம், சோறு ஆறி அவலாப் போச்சு, எங்கன போய்த் தொலைஞ்சே என்று கத்துகிறாள். மெஷின் கோபம் என்று போட்டிருக்கிறது. கோவம் இல்ல தாயி, மத்தியானத்துல இருந்து வாசலப் பாத்துக்கிட்டு நின்னுருக்கா என்றேன். அடுத்து ஒரு ஆள் பையப் பேசுகிறான், நீங்க வந்ததே சந்தோசம், எங்களுக்கு ஒரு குறையும் இல்ல என்று. மெஷின் சந்தோஷம் என்கிறது. இனி அந்த வீட்டுக்கு யாரும் போகவேண்டாம்னு எழுதிக்கோ என்றேன். முஃபீதா சிரித்துவிட்டு, அதுக்குக் கட்டம் இல்லையே தாத்தா, எப்படிக் கண்டுபிடிக்கிய என்று கேட்டாள்.

எனக்கு என்ன படிப்பா இருக்கிறது. அரிசி மில்லில் முப்பத்தோரு வருஷம் மூட்டை அடுக்கினேன், அதில் படித்ததுதான். மில் அண்ணாச்சி காலையில் வந்ததும் முதல் வேலையாக, என்னவே அடுக்கியிருக்கீரு, கோணக்கழுத்து மாதிரி நிக்கி என்பார். அவர் வைகிற நாளெல்லாம் எனக்கு வேலை நிச்சயம். நீ எட்டாவது படிக்கும்போது, தை மாசம், பொங்கல் கழிந்து நாலாம் நாள், அவர் அடுக்கைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு பலவேசம் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம், நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை என்றேன். மறுநாள் அப்படியே ஆயிற்று. வேண்டியவனிடம்தான் குறை சொல்வார்கள். வேண்டாதவனுக்கு டீ. உன் அம்மா சுடலைவடிவு உன்னோடு போனில் பேசினதையெல்லாம் அந்த மெஷினில் போட்டிருந்தால், அவளைப்போல் கோபக்காரி உலகத்திலேயே இல்லை என்று சொல்லியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லிப் பெருமையாக உட்கார்ந்திருக்கும்போது அடுத்த குரல் வந்தது. இங்க எல்லாம் நல்லபடியா இருக்குப்பா, எனக்கு ஒரு குறையும் இல்ல, நீ உன் வேலையைப் பாரு. அது நான். முஃபீதா சந்தோஷமாகச் சொல்லுகிறாள், நீ எனக்குத் தெரியட்டும் என்றுதான் அதை அனுப்பினாயாம், உன்னோடு போனில் பேசின என் இரண்டு வருஷத்துப் பேச்சையும் போட்டுப்பார்த்தாயாம், அத்தனையும் அமைதி என்று வந்ததாம், இப்படி அமைதியான குரல் வேறு யாருக்கும் இல்லையாம். கம்ப்யூட்டரில் காட்டினாள், என் பேச்சு வெயில்காலத்து ஆறுமாதிரி அசையாமல் ஒரே கோடாகக் கிடந்தது. இதுக்கு நீங்க என்ன சொல்லுதிய தாத்தா என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்தவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். இந்தக் கட்டத்தை வெறுமனே விடு, குரலுக்கு உடையவன் தன் மகனிடமே சொல்லிக்கொள்வான் என்றேன்.

அதைத்தான் சொல்லுகிறேன். அது அமைதி இல்லை. அம்மா போன அன்றைக்கு உன்னைக் கேட்டு, நீ வரும்வரைக்கும் என்று ஐஸ் பெட்டியில் வைத்தோம். கார்த்திகை மழை, ஆற்றில் வெள்ளம், சொந்தக்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறார்கள், நான் யாரையும் எடுக்கவிடவில்லை. மறுநாள் மத்தியானம் ஒன்றேகாலுக்கு நீ பேசினாய், உங்கள் மெஷினைப் பெரிய சபையில் காட்டவேண்டிய நாள், விட்டு வரமுடியவில்லை, முடித்துவிடுங்கள் என்று. உன் அக்கா கலையரசியின் மகன் கொள்ளி வைத்தான். அன்றைக்கு உன்னை வைதிருக்கவேண்டும். சரிப்பா, நீ வேலையைப் பாரு என்றேன். அன்றிலிருந்து உனக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். நீ கேட்கிறபோதெல்லாம் நல்லா இருக்கேன் என்று சொல்லி உன்னை வாசலிலேயே நிறுத்தினேன். மெஷினைக் குறை சொல்ல வழியில்லை, நான் கொடுத்ததைத்தானே அது வாங்கிக்கொண்டது. என் மனசு உனக்குத் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். தெரியவே இல்லை, நிம்மதியாக இருந்திருக்கிறாய் என்று புதன்கிழமைதான் தெரிந்தது. யாருக்காக இதைச் சுமந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். மூட்டையாவது இறக்கிவைக்க இடம் இருந்தது. அலுத்துப்போய்விட்டது அய்யா, இனி என்னால் முடியாது.

ஆகையால் கேட்டுக்கொள். வலது முழங்கால் மடங்கமாட்டேன் என்கிறது, படித்துறையில் இறங்கமுடியாமல் அடிகுழாயில் குளிக்கிறேன். நீ வாங்கித் தந்த கட்டில் உயரம், கால் எட்டவில்லை, உன்னை யார் அதை வாங்கச் சொன்னது. அடுப்படி ஓடு ஒழுகுகிறது. கலையரசி கொண்டுவருகிற குழம்பில் புளி கூடுதல், சொன்னால் கோபித்துக்கொள்கிறாள். நீ தந்த போன் பாதிப் பேச்சில் அணைந்துபோகிறது. உன் தலையைப் படத்தில் பார்த்தேன், முன்பக்கம் வழுக்கை விழுகிறது, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் என்றைக்குக் கேட்டாய். வருகிற கார்த்திகையில் அம்மாவுக்கு இரண்டு வருஷம். எந்தச் சபை இருந்தாலும் சரி, வந்து ஆற்றில் முங்கி நீயே அவளுக்கு எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். வராவிட்டால் பழையபடி நல்லா இருக்கேன் என்று சொல்லமாட்டேன், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

திருச்செந்தூரான் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, சூடாகச் சாப்பிடு. கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு. நான் வைவேன், தெருவுக்கே கேட்கும். உன் மெஷின் அதைக் கோபம் என்று சொல்லும், நம்பிவிடாதே.

உன் அப்பன்,
பலவேசம்
(இடது பெருவிரல் ரேகை. சொன்னதைச் சொன்னபடி எழுதியது முஃபீதா.)