மாங்காய் ஊறுகாய்க்கு மறுமதிப்பீடு

அக்கா,

உங்கள் வருஷத் திதிக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். விரல்களில் அந்த ஆரஞ்சுப் பொடி இன்னும் ஒட்டியிருக்கிறது. கழுவ மனம் வரவில்லை. மோந்து பார்த்தால் காய்ந்த மாங்காய்த் தூள், பின்னால் எங்கோ கொஞ்சம் பெருங்காயம். ‘மாங்காய் ஊறுகாய் சுவை’ என்று போட்டு விற்கிறார்களே, அதே உருளைக்கிழங்கு சிப்ஸ்தான். நீங்கள் முதலில் ஃபெயில் போட்டது.

நாம் இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற புதிது. கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டீர்கள். “ஏத்தா, தந்தூரிக் கோழின்னு போட்டிருக்கான் பாரு. கோழியும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எவனாச்சும் தின்னு பாத்திருப்பானா?” கடைக்காரர், “பேரப்பிள்ளைக்கா டீச்சர்?” என்று கேட்டார். “எனக்குத்தான்” என்றீர்கள். தலையை நிமிர்த்திச் சொன்ன விதத்தில் அவர் உடனே ஒரு பாக்கெட்டைப் பிய்த்துக் கொடுத்தார்.

அன்று தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் சமையலறையில் பரீட்சை. ஒரு தட்டில் அசல், இன்னொரு தட்டில் சிப்ஸ். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒருவர் தின்ன வேண்டும், மற்றவர் ஊட்ட வேண்டும். நடுவில் வெந்நீரில் வாய் கொப்பளிப்பது கட்டாயம் என்றது நான். அறிவியல் வகுப்பில் செய்து காட்டுவேனே, ஒரு கையை வெந்நீரிலும் மறு கையை ஐஸ் தண்ணீரிலும் வைத்துவிட்டு இரண்டையும் ஒரே சாதாரணத் தண்ணீரில் விட்டால், ஒரு கை குளிருது என்னும், மறு கை சுடுது என்னும். நாக்கும் அப்படித்தான், முன்னால் தின்றதை வைத்துத்தான் பின்னால் வருவதை அளக்கிறது. நீங்கள் கணக்கு டீச்சர். “வெந்நீரெல்லாம் சரி, மார்க் நான்தான் போடுவேன்” என்று சொல்லிவிட்டீர்கள்.

‘கிரீம் அண்ட் ஆனியன்’ வந்தபோது அது நம் வெங்காயத் தயிர்ப் பச்சடிதான் என்று முடிவு செய்து, ஒரு கிண்ணம் நிறையப் பச்சடி செய்து வைத்தோம். சிப்ஸ் படுதோல்வி. பெங்களூரிலிருந்து என் மகள் போனில் சிரி சிரியென்று சிரித்தாள். “அம்மா, அது பச்சடி இல்ல, வெளிநாட்டுக்காரங்க சாப்புடுற புளிச்ச பாலாடை!” நீங்கள் போனைப் பிடுங்கினீர்கள். “அப்ப அவுகளுக்கும் ஃபெயில்தான்னு சொல்லு. கொத்தமல்லி எங்க?”

மீன் குழம்புச் சுவை வந்ததும், கேரளத்து மீன் குழம்பு என்று படம் போட்டிருக்கிறானே என்று பஸ் ஏறிக் குமுளிக்கே போனோம். ஓட்டலில் குழம்பை வாங்கி வைத்துக்கொண்டு பாக்கெட்டைப் பிரித்தபோது, பரிமாறிய பையன் ஓடிவந்தான். “சேச்சி, வெளியில வாங்குனத இங்க சாப்புடக் கூடாது.” “சாப்புடலப்பா, பேப்பர் திருத்துறோம்” என்றீர்கள். அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். திரும்பும்போது கூடலூர் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

மாங்காய் ஊறுகாய்க்குத்தான் நீங்கள் இரக்கமே காட்டவில்லை. அசல் உங்கள் ஜாடியிலிருந்து வந்தது. அந்த ஊறுகாய்க்காகவே ஸ்டாஃப் ரூமில் மத்தியானம் எத்தனை பேர் உங்கள் பக்கத்தில் இடம் தேடினார்கள்! சிப்ஸைக் கடித்ததும் கண்கட்டை அவிழ்த்தீர்கள். “மாங்காயத் தூரத்துல இருந்து பாத்தவன் செஞ்சது” என்று முட்டை போட்டீர்கள்.

பிறகு அந்த வியாதி வந்தது. மதுரையில் மருந்து ஏற்றி முடித்து வந்தபோது வாயெல்லாம் புண். புண் ஆறியது, ருசி திரும்பவில்லை. உங்கள் மருமகள் குழைய வடித்த சோறும் ரசமும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவாள். ஒவ்வொரு வாய்க்கும் “நல்லாருக்கு தாயி” என்பீர்கள். அவள் அடுப்படிக்குப் போனதும் என் கையைப் பிடித்து, “மண்ணா இருக்கு புள்ள. எதத் தின்னாலும் மண்ணு. அவகிட்டயும் எம் மகன்கிட்டயும் சொல்லிப்புடாத. பாவம், அந்தப் பிள்ள அடுப்புலயே வேகுது” என்றீர்கள். உங்கள் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தோம். எரிந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் நான் கைப்பையில் அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு சிப்ஸை நொறுக்கித் தயிர்ச் சோற்றில் தூவி ஊட்டினேன். மெல்லுவதை நிறுத்தினீர்கள். கண் விரிந்தது.

“மாங்கா!”

இன்னொரு வாய் கேட்டீர்கள். அதற்குப் பிறகும் ஒன்று. கிண்ணம் காலியான பிறகு, பழைய கணக்கு டீச்சர் குரலில், “மறுமதிப்பீடு போடுத்தா. பாஸ்” என்றீர்கள்.

உங்கள் மகன் அந்தப் பாக்கெட்டைத் தலையணைக்கடியில் கண்டெடுத்துக் குப்பையில் போட்டான். “நோயாளிக்குச் சிப்ஸா டீச்சர்? நாலு பேரு என்ன சொல்லுவாக? வெளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா?” எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதை அவனும்தான் கேட்டிருந்தான். காரணத்தை நான் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் மறுநாள் வேறொரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு மறுநாளும். கடைசி வரை. உங்களைச் சாகும் முன் கண்டதைத் தின்னவைத்தவள் என்று அவன் மனசில் எனக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. விழட்டும் என்றுதான் இருந்தேன்.

இன்று படையல் இலையில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. ஓரத்தில் உங்கள் ஊறுகாய். நான் பாக்கெட்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். உங்கள் நாத்தனார், “ஆத்தாடி, செத்தவுகளுக்கு இலையில கடைத் தீனியா?” என்று கன்னத்தில் கை வைத்தார். உங்கள் மகன் முகம் சிவந்துவிட்டது. “இன்னைக்குமா டீச்சர்? எடுங்க. ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்ப்பா. பிடிச்சதத்தான படைக்கணும்? உங்கம்மா கடைசியா ருசிச்சது இது ஒண்ணுதான்” என்றேன். சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன் அக்கா. மண் என்று நீங்கள் சொன்னதையும் சேர்த்து, அவன் பெண்டாட்டி நிற்கும்போதே சொன்னேன். எத்தனை நாள்தான் உங்கள் நாக்கைப் பற்றி ஒரு பொய் அந்த வீட்டில் புழங்கும்?

மருமகள்தான் பேசினாள்.

“எனக்குத் தெரியும் டீச்சர். ஒருநா ரசத்துல உப்பே போடல. அன்னைக்கும் நல்லாருக்கு தாயின்னாக.”

குனிந்து, ஊறுகாயைக் கொஞ்சம் தள்ளிவைத்து இடம் செய்தாள். பாக்கெட்டைக் கிழித்து அவளே இலையில் போட்டாள். கற்பூரம் காட்டினார்கள். காக்கைக்கு வைத்ததில் அது எதை எடுத்தது என்று நான் பார்க்கவில்லை. அதற்கு மார்க் போடும் அதிகாரம் கிடையாது.

சாப்பாடு ஆனதும் உங்கள் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் தயிர்ச் சோறு. கேட்காமலே நான் ஒரு சிப்ஸை நொறுக்கித் தூவினேன். நெடுநேரம் மென்றான்.

“மாங்கா ஒண்ணும் தெரியல டீச்சர். வெறும் உப்பும் புளிப்பும்தான்.”

“உனக்கு நாக்கு நல்லா இருக்குப்பா. அதான்.”

அவன் தட்டை என் பக்கம் நகர்த்தினான். பிறகு, “இன்னுங் கொஞ்சம் தூவுங்க” என்றான்.

வரும் வழியில் அதே கடையில் புதிதாக ஒன்று தொங்கியது. மிளகு ரசமாம். ஞாயிற்றுக்கிழமை ரசம் வைக்க வேண்டும், துண்டு துவைத்து வைக்க வேண்டும், கண்ணைக் கட்ட ஆள் இல்லாவிட்டால் நானே கட்டிக்கொள்வேன். கடையில் இப்போது பழைய கடைக்காரரின் மகன் இருக்கிறார்.

“பேரப்பிள்ளைக்கா டீச்சர்?” என்றார்.

தலையை நிமிர்த்திக்கொண்டேன் அக்கா.

“எனக்குத்தான்.”