வழிமொழிய ஒருவர்

வேளாண் விரிவாக்க அலுவலகம்,
மில்ரோஸ், நெப்ராஸ்கா.
மே 12, 1986

அன்புள்ள வெர்னா,

நலம்தானே? இங்கே விதைப்புக் காலம். காலையில் கதவைத் திறப்பதற்குள் வயல் மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு நாலு பேர் வந்து நிற்கிறார்கள். சோதனை முடிவு நாளைக்கே வேண்டுமாம்.

உன் கூஸ் கிரீக் இளைஞர் மன்றத்தின் ஏப்ரல் கூட்டக் குறிப்பு வந்தது. முத்து முத்தான கையெழுத்து, ஜனெல் ஹ்ருஸ்கா எழுதியதுதானே? ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 'ஆட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடிக்க ஜனெல் முன்மொழிந்தாள். டாட் கெஸ்லர் வழிமொழிந்தான். ஏகமனதாக நிறைவேறியது.'

கெஸ்லர் குடும்பம் கடனில் பண்ணையைப் பறிகொடுத்துவிட்டு லிங்கனுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. சாமான் லாரி கிளம்பியபோது நானும் நீயும் சேர்ந்துதானே கையசைத்தோம். இருநூறு மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு அந்தப் பையன் எப்படிடி வழிமொழிந்தான்?

ஐந்து பிள்ளைகளாவது இருந்தால்தான் மன்றம். பதினாறு வருடமாக நடத்துகிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள்? இப்போது தோழியாகக் கேட்கிறேன். அதிகாரியாகக் கேட்க வைத்துவிடாதே.

உன்,
டோரீன் பிரிபில்

கூஸ் கிரீக்,
மே 17, 1986

அன்புள்ள டோரீன்,

ஒருத்தி. ஜனெல் மட்டும்தான்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குப் பள்ளிப் பேருந்து அவளை என் வீட்டு வாசலில் இறக்கிவிடும். கைகழுவிவிட்டு வந்து, மரச் சுத்தியலால் மேசையைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்குவாள். தலைவி, செயலாளர் எல்லாம் அவளே. உறுதிமொழியை இரண்டு பேரும் எழுந்து நின்று சொல்வோம். பதின்மூன்று வயதுதான், ஆனால் அவள் நடத்துகிற கூட்டத்தில் நான் கொட்டாவி விட முடியாது.

மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு நடந்த முதல் கூட்டத்தில், 'வழிமொழிபவர் யார்?' என்று கேட்டாள். பெரியவர்களுக்கு மன்றத்தில் வாக்குக் கிடையாதே.

"டாட் இருந்திருந்தா கையத் தூக்கியிருப்பான்" என்றாள்.

"அப்ப அவன் பேரையே எழுது" என்றேன்.

தப்பு என்னுடையது. பிள்ளையை ஒன்றும் சொல்லாதே. அடுத்த மாதம் வேறொரு பெயர் எழுதினோம். ஒருவரே எத்தனை தடவை வழிமொழிவார் என்று யாருக்காவது சந்தேகம் வரக்கூடாது அல்லவா. எங்கள் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

என் கணவர் ஹெரால்ட் இறந்த பிறகு என் வாசல் வரை வருகிறவள் அவள் ஒருத்திதான். தபால் வண்டி சாலையோடு போய்விடுகிறது. திங்கட்கிழமையே வீட்டைப் பெருக்கி, பிஸ்கட் சுட்டு வைத்துவிடுகிறேன். ஆகஸ்ட் கண்காட்சி வரை விட்டுவிடு, டோரீன். அவளுடைய ஆட்டுக்குட்டியைக் கூஸ் கிரீக் பெயரில் காட்டட்டும். அதற்குள் எங்கிருந்தாவது நாலு பிள்ளைகளைப் பிடித்து வந்துவிடுவேன்.

அன்புடன்,
வெர்னா ஸ்டோல்டி

மில்ரோஸ்,
ஜூன் 20, 1986

அன்புள்ள வெர்னா,

உன் மன்றத்தின் கோப்பு ஒரு மாதமாக என் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. நீ வீடு வீடாக ஏறி இறங்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். பாய்ல் வீட்டில் பேஸ்பால் விளையாடவே நேரம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்களாமே. பாதி வீடுகளில் கதவைத் தட்டினால் திறக்க ஆளே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். முந்தாநாள் ஜனெலின் அம்மா கான்னி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மில்ரோஸ் மன்றத்துல ஆடு மதிப்பிடுற போட்டி அணிக்கு நாலாவது ஆள் இல்லாம பனிக்காலத்துலருந்து இவளக் கூப்பிடுறாங்க மேடம். ராத்திரி படுக்கையில அந்தப் போட்டிப் புத்தகத்தத்தான் படிக்கிறா. போடின்னா போக மாட்டேங்கறா. நான் போயிட்டா ஸ்டோல்டி அம்மா தனியா உக்காந்திருப்பாங்கன்னு சொல்றா. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன்."

ஒரு தாளில் முத்திரை குத்தி அனுப்பினால் மன்றம் மூடிவிடும். என் கை வரவில்லை. அவளிடம் நீயே சொல்கிறாயா? ஜூலைக் கூட்டம் வரை காத்திருக்கிறேன்.

என் மேல் கோபித்துக்கொள்ளாதே.

டோரீன்

கூஸ் கிரீக்,
ஜூலை 9, 1986

அன்புள்ள டோரீன்,

இரண்டு நாள் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு என் மேல். நான் அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருக்கிறேன் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்! அவள் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

நேற்றுக் கூட்டம் நடந்தது. பள்ளி விடுமுறை, கான்னி காரில் கொண்டுவந்து விட்டுப் போனாள். புதிய அலுவல் ஏதாவது உண்டா என்று ஜனெல் கேட்டதும், "மன்றத்த மூடணும்னு நீ முன்மொழி" என்றேன். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான் வயசாச்சு, சலிப்பாயிருக்கு. முன்மொழி."

சொன்னாள். வழிமொழிபவர் யார் என்று அவள் கேட்கவில்லை, நானே கையைத் தூக்கினேன்.

"உங்களுக்கு ஓட்டுக் கெடையாதே."

"தெரியும். எழுது."

எழுதினாள். அந்தக் குறிப்பை இதோடு வைத்திருக்கிறேன், என் பெயரைத் திருத்தாமல் கோப்பில் சேர்த்துவிடு. ஆட்டுக்குட்டியையும் மில்ரோஸ் பெயருக்கு மாற்றிவிடு.

போகும்போது வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா கார்ல வரும்போது நான் சும்மா வந்து பாக்கட்டுமா? செவ்வாக்கிழமையில?"

மில்ரோஸ் மன்றம் கூடுவதும் அதே செவ்வாய்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாள். எனக்கும் வாய்வரை வந்தது.

"செவ்வாக்கிழம எனக்கு இனிமே வேற வேல இருக்கு. உங்க டோரீன் மேடம் ஆபீசுல கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் எப்படித் தெளிந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும். படியில் குதித்து இறங்கி ஓடினாள்.

அதனால் கேட்கிறேன், டோரீன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு அங்கே ஏதாவது வேலை கொடு. மண் பைகளில் பெயர் எழுதுகிறேன். பெண்கள் கொண்டுவருகிற குக்கர் மூடிகளில் அழுத்தமானி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் தருகிறேன். ஒன்றும் இல்லை என்றால் ஒரு நாற்காலியாவது போடு. அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

உன்,
வெர்னா